ஐந்தாவது படி

இனி வாயைத் திறப்பதில்லை என்று அவர் முடிவெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில்.

கல்யாணமானவர்கள் பலர் எடுக்கிற முடிவுதான். சிலருக்கு எடுக்காமலே அமைந்தும் விடும். ஆனால் நம்மவருடைய காரணம் வேறு. வலது பக்கம், கீழ்வரிசை, கடைசிக்கு முந்தின கடைவாய்ப்பல். பத்து நாளாக அது அவரோடு வழக்காடிக்கொண்டிருந்தது. காலையில் முணுமுணுக்கும். மத்தியானம் குரலை உயர்த்தும். படுத்தால் கத்தும்.

பல் வலித்தால் பல் டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சங்கடம். அவர் மனைவியோடு கூடப்பிறந்த ஒரே அண்ணன், பல் டாக்டர். தங்கமான மனிதர். ஆறடி உயரம். கையை நீட்டினால் அது தனியாக ஆறடி. மாடியில் குடித்தனம், கீழே கிளினிக். அவர் வாயிலிருந்து வருகிற ஒரே ஒரு சொற்றொடருக்குத்தான் நம்மவருக்கு நடுக்கம். "சும்மா பாக்கறேன்" என்பார். போன வருஷம் அந்த வீட்டுக்குக் குழாய் ஒழுகலைச் சரிசெய்ய வந்த ஆள் கன்னத்தைத் தடவினாராம். "சும்மா பாக்கறேன்" என்றிருக்கிறார் டாக்டர். வந்தவர் ஒரு பல் குறைவாக வீடு போய்ச் சேர்ந்தார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

மாதத்தில் இரண்டு ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போவது அவர்கள் வீட்டுச் சட்டம். வருகிற ஞாயிறு அந்த இரண்டில் ஒன்று.

நம்மவருக்கு வேலை, ஒரு பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆய்வுக்கூடத்தில். இருபத்திரண்டு வருஷமாகச் சுருள்வில்லில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு நீண்டது என்று மாணவர்களுக்குக் காட்டுகிறவர். அங்கே உள்ள ஒவ்வொரு பொருளின் எடையும் அவருக்கு மனப்பாடம்.

மனைவி தையல்காரர். வீட்டு முன்னறையில் மிஷின். ஆளைப் பார்த்தாலே அரை அங்குலம் பிசகாமல் அளவு சொல்லிவிடுகிற கண். எந்தத் துணியைப் பிரிப்பதானாலும் பழைய தையலின் மேல் முதலில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுப்பாள். "எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் எங்க போச்சுன்னு தெரியும்" என்பது அவள் தொழில் மந்திரம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பிஸ்கட்டைத் தேநீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். மிஷினை மிதித்தபடியே அவள் பார்த்தாள்.

"என்னங்க, பிஸ்கட்டுக்கு நீச்சல் கத்துக் குடுக்கறீங்களா?"

"ம்."

"வறுத்த கடலைன்னா டப்பாவோட சாப்பிடற ஆளு. ஒரு வாரமா மூடி தொறக்கவே இல்ல?"

"வயிறு சரியில்ல."

"வயிறு சரியில்லேன்னா கன்னத்தை எதுக்குப் பிடிக்கறீங்க?"

"யோசிக்கிறேன்."

"கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. நீங்க யோசிச்சு நான் பாத்ததே இல்லையே!"

அவர் முதுகில் வியர்த்தது. தேநீருக்கு வியர்க்கிற முதுகு அல்ல அது. அவளோ நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த வண்டியைக் கொஞ்சம் பாருங்க. பின்னாடி உட்கார்ந்தா தூக்கித் தூக்கிப் போடுது. இடுப்பு கழண்டு கையில வந்துடும் போல இருக்கு. இப்படியே இருந்தா என்னால உட்கார முடியாது, சொல்லிட்டேன்."

நம்மவர் பிஸ்கட் மூழ்கிப்போனதைக்கூடக் கவனிக்கவில்லை. 'என்னால உட்கார முடியாது' என்ற மூன்று சொல் அவர் காதில் நாதஸ்வரமாக ஒலித்தது. அவள் உட்காரவில்லை என்றால் வண்டி போகாது. வண்டி போகவில்லை என்றால் மச்சான் இல்லை. மச்சான் இல்லையென்றால் பல் இருக்கும்.

வண்டியைச் சரிசெய்யத்தானே சொன்னாள்? சரியாகச் செய்துவிடலாம்.

வண்டியைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த மெக்கானிக்குக்கு 'மிச்ச நட்டு' என்று பெயர். எந்த வண்டியைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் ஒரு நட்டு மிச்சமிருக்கும். "இது கம்பெனிக்காரன் அதிகமாப் போட்டது" என்று சொல்லி டப்பாவில் போட்டுக்கொள்வார். அப்படி இரண்டு டப்பா நிறைந்துவிட்டது.

"பின்னாடி ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் இருக்குதா சார்? ஸ்பிரிங்குக்கு அடியில ஒரு வளையம் தெரியுதா? பல்லு பல்லா..."

"பல்லைப் பத்திப் பேசாதேப்பா."

"சரி சார். படி படியா. மொத்தம் அஞ்சு படி. ஒண்ணுல வச்சா தனியாப் போக மெத்துன்னு இருக்கும். மேல ஏத்த ஏத்த ஸ்பிரிங் இறுகி வண்டி விறைச்சுக்கும். அஞ்சாவது படி, பின்னாடி நல்லா கனமான ஆளு உட்கார்றதுக்கு."

"அஞ்சுல வச்சு, லேசான ஆளு உட்கார்ந்தா?"

"பந்து மாதிரி எழும்புவாங்க."

"பந்து மாதிரி?"

"கேட்ச் பிடிக்க ஆள் வச்சுக்கணும் சார்."

நம்மவர் முகத்தில் பத்து நாளில் முதல் வெளிச்சம்.

"அம்மாவுக்கா சார்? அம்மா ஒல்லி. ரெண்டு போதும். இப்ப மூணுல நிக்குது, அதான் தூக்குது. குடுங்க, ஒரு நிமிஷத்துல ரெண்டுக்கு இறக்கித் தரேன்."

"வேண்டாம், வேண்டாம்! ஸ்பேனரை மட்டும் குடு. நானே பண்ணிக்கறேன்."

"நீங்களா?" மிச்ச நட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒரே படியில வையுங்க சார். ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கினா வண்டி கோணிக்கும்."

கொக்கி மாதிரி வளைந்த அந்த ஸ்பேனரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, திருட்டுக்குப் போகிறவன் போலச் சுவரோரமாகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி வீட்டில் இல்லை. பின் தெரு டிரைவிங் ஸ்கூலில் எல்லாருக்கும் சீருடை தைக்கிறாள், அளவெடுக்கப் போயிருந்தாள். மூன்று மாதமாக அளவெடுக்கிறாள். ஒரு டிரைவிங் ஸ்கூலில் அத்தனை பேரா என்று நம்மவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவர் அளக்கிறதெல்லாம் ஆய்வுக்கூடத்தோடு சரி.

மாடிப்படிக்குக் கீழே வண்டி நிற்கும். அதன் பக்கத்தில் பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்தார். வளையத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு தெரிந்தது. சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்து ஒட்டியிருக்கும் என்று நினைத்தார். கொக்கியை மாட்டி, மூச்சைப் பிடித்துத் திருகினார்.

டக்.

அந்தச் சத்தம் வளையத்தில் கேட்டதா, கடைவாயில் கேட்டதா? இரண்டிலும் கேட்டது. வாசலில் செருப்புச் சத்தம் மாதிரி ஏதோ. பாயோடு சுருண்டார். ஒன்றுமில்லை, காற்றுக்குக் கதவு ஆடுகிறது. மறுபடி திருகினார். டக். நாலு. இன்னும் ஒன்று... இல்லை, மூணிலிருந்து ஒன்று நாலு, இன்னொன்று ஐந்து. ஆக முடிந்துவிட்டது. பயத்தில் எண்ணிக்கைகூடத் தடுமாறியது பாவம்.

"என்ன சார், வண்டிக்கு அடியில?"

தலையை நிமிர்த்தியவர் சைலன்சரில் இடித்துக்கொண்டார். மாடிப்படியில் மேல்வீட்டு அம்மா.

"சும்மா... கொஞ்சம் சொகுசு பண்றேன்."

"யாருக்கு?"

"வீட்டுக்காரிக்கு. பின்னாடி தூக்கிப் போட்டு இடுப்பு வலிக்குதுன்னா. அதான்."

மேல்வீட்டு அம்மா அப்படியே உருகிப்போனார். "பொண்டாட்டி இடுப்பு வலிக்காக மண்ணுல உருளற மனுஷன்! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே. இருங்க, அவரைக் கூப்பிட்டுக் காட்டறேன்."

"ஐயோ, வேண்டாங்க!"

"அடக்கம் வேற!"

அம்மா போன பிறகு மறுபக்கத்தையும் ஐந்துக்கு ஏற்றினார். அதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஸ்பேனரைப் பழைய செருப்புப் பெட்டியில் ஒளித்தார். எழுந்து பின் சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார். கருங்கல் தோற்றது.

சாயங்காலம் தானே கூப்பிட்டார்.

"வாம்மா, ஒரு சுத்து போய்ப் பாக்கலாம். சரி பண்ணிட்டேன்."

"நீங்களேவா?"

"பின்னே? பௌதிகம்னா என்னன்னு நினைச்ச?"

பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சாலைக்கு வேண்டுமென்றே விட்டார். அங்கே தாரை விடப் பள்ளம் அதிகம். முதல் பள்ளத்திலேயே பின்னாலிருந்து குரல் துண்டுதுண்டாக வந்தது.

"என்... ன... ங்க! முன்னைக்கு... இப்போ... மோசமா..."

"புதுசுல அப்படித்தான் இருக்கும்!"

இரண்டாவது பள்ளம். அவள் எழும்பி இறங்கியது அவருக்குத் தோளில் தெரிந்தது. மனதுக்குள் சிரித்தார். மூன்றாவதாக வேகத்தடை. அங்கேதான் பௌதிகம் தன் வேலையைக் காட்டியது. விறைத்த வண்டிக்கு முன் சீட்டு, பின் சீட்டு என்ற பேதம் கிடையாது. கீழேயிருந்து புறப்பட்ட அடி அவர் இடுப்பு வழியாக ஏறி, முதுகெலும்பைப் பிடித்துக்கொண்டு மேலே போய், நேரே கடைசிக்கு முந்தின கடைவாய்ப்பல்லில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ, அம்மா!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி நின்றது.

"தூக்கிப் போட்டது என்னை," என்றாள் மனைவி. "கத்தறது நீங்களா?"

"உனக்காகத்தான் கத்தினேன்."

அவள் வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவி பேசினால் பயப்படுகிறவர்கள் உண்டு. அனுபவசாலிகள் அவள் பேசாதபோதுதான் பயப்படுவார்கள்.

இறங்கியதும் அவள் குனிந்தாள். வண்டிக்குக் கீழே ஒரு கணம் பார்த்தாள். செருப்பைச் சரிசெய்கிறாள் போலும். நிமிர்ந்தாள்.

"இனிமே இந்த வண்டியில நான் பின்னாடி உட்கார மாட்டேன்."

"அப்போ நாளைக்கு அண்ணன் வீடு?"

"பின்னாடி உட்கார மாட்டேன்னா மாட்டேன்."

அட, இவ்வளவுதானா! பத்து நாள் பயம் அப்படியே கழன்று காலடியில் விழுந்தது. "அடடா, அண்ணன் எதிர்பார்ப்பாரே" என்று வருத்தப்பட்டுப் பார்த்தார். வருத்தம் வரவில்லை. உள்ளே போய்க் கடலை டப்பாவைத் திறந்து, இடது பக்கமாகவே நாலு கடலையை மென்று கொண்டாடினார். மனைவி முன்னறையில் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தாள். யாருக்குப் பேசினால் என்ன?

ஞாயிறு காலை பத்து மணி. அவர் நாற்காலியில் காலை நீட்டி நாளிதழைப் பிரித்தார். வெளியே ஒரு வண்டி உறுமியது. யார் வண்டியோ என்று ஒரு பக்கம் புரட்டினார். மறுபடி உறுமியது. சொந்தக் குழந்தையின் அழுகையும் சொந்த வண்டியின் உறுமலும் எந்தக் கூட்டத்திலும் தெரிந்துவிடுமாம். நாளிதழ் கையிலிருந்து விழுந்தது.

ஓடி வந்தால், தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மனைவி. முன் சீட்டில்.

"இறங்கு! முதல்ல இறங்கு! பொம்மையா அது? கியர் வண்டி!"

"தெரியும். கீழ ஒண்ணு, மேல நாலு."

"லைசென்ஸ் இல்லாம..."

அவள் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். அதில் அவள் முகம், அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அளவெடுக்கத்தானே போனே?"

"அளவெடுத்தது ரெண்டு நாள். மீதி நாளெல்லாம் வண்டி ஓட்டினேன். நான் துணி தைச்சுக் குடுத்தேன், அவங்க ஓட்டக் கத்துக் குடுத்தாங்க. உங்ககிட்ட சொன்னா பயந்துடுவீங்கன்னுதான் சொல்லல."

"நீதானே நேத்து உட்கார மாட்டேன்னே?"

"பின்னாடி உட்கார மாட்டேன்னேன். வர மாட்டேன்னா சொன்னேன்? ஏறுங்க. அண்ணன் காத்துக்கிட்டிருக்காரு. பல்லைக் காட்டணும்."

அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. அவசரமாக இறக்கினார்.

"பல்லா? யார் பல்லு? எனக்கா? யார் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க. பத்து நாளா, தூக்கத்துல. 'சும்மா பாக்காதீங்க மச்சான், சும்மா பாக்காதீங்க'ன்னு கெஞ்சறீங்க. கெஞ்சிட்டு நீங்க தூங்கிடறீங்க. நான்தான் தூங்கல."

கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் இறங்கியது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததை அப்போதுதான் அவர் பார்த்தார். மனம் இளகியது. பல் இளகவில்லை.

"நான் வரல. என்ன ஆனாலும் வரல."

"சரி, வர வேண்டாம்." அவள் சாவியைத் திருப்பப்போனாள். "நீங்க வரலேன்னா அண்ணன் பையைத் தூக்கிக்கிட்டு இங்கேயே வந்துடறேன்னு சொல்லியிருக்காரு. என்ன, மரத்துப்போக வைக்கிற ஊசி மட்டும் கிளினிக்லதான் இருக்காம். இங்கேன்னா ஊசி இல்லாமத்தான். ஆடாமப் பிடிச்சுக்க ஆள் வேணுமாம். மேல்வீட்டு அம்மா அவங்க வீட்டுக்காரரை அனுப்பறேன்னுட்டாங்க."

மாடிப்படியில் மேல்வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். நேற்று மண்ணில் உருண்ட உத்தமப் புருஷனைப் பற்றி மனைவியிடம் ஒரு நாள் முழுக்கப் பாட்டு வாங்கியவர். அவர் முகத்தில் அளவற்ற ஆர்வம்.

நம்மவர் பின் சீட்டில் ஏறினார்.

ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு இப்போது மூன்று பயம். ஓட்டுகிறவள் புதியவள், அது ஒன்று. போகிற இடம் மச்சான் வீடு, அது இரண்டு. உட்கார்ந்திருக்கும் கருங்கல்லோ அவரே கையால் செதுக்கியது, அது மூன்று. முதல் பள்ளத்தில் பல் தெறித்து விழுந்துவிடும் என்று தாடையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். அப்படியே விழுந்தாலும் லாபம்தான் என்று ஒரு நப்பாசை.

பள்ளம் வந்தது. வண்டி மெல்லத் தாழ்ந்து மெல்ல எழுந்தது. அவ்வளவுதான். இன்னொரு பள்ளம். தொட்டிலில் போட்டு ஆட்டியது போல. வேகத்தடை வந்ததே தெரியவில்லை. அவர் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும்.

"என்னம்மா இது? இறக்கி வச்சிட்டியா?"

"எதை?"

வாயைத் திறந்தது தப்பு என்று அவருக்கு உடனே தெரிந்தது.

"நான் ஒண்ணும் இறக்கல," என்றாள் அவள், முன்னால் பார்த்தபடியே. "வெள்ளிக்கிழமை உங்ககிட்ட வண்டியைப் பாருங்கன்னு சொன்னேன் பாருங்க, அன்னிக்கே வளையத்துல சாக்கட்டிக் கோடு போட்டு வச்சேன். நீங்க நிஜமாவே சரி பண்றீங்களான்னு பாக்கறதுக்கு. நேத்து குனிஞ்சு பாத்தா, கோடு ரெண்டு படி நகர்ந்திருக்கு. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். 'அஞ்சாவது படியா? அது பின்னாடி கனமான ஆளு உட்கார்றதுக்கும்மா'ன்னாரு. சரி, ஆளுக்குப் பொருத்தமாத்தான் வச்சிருக்கீங்கன்னு அப்படியே விட்டுட்டேன்."

பக்கத்து உயிரியல் ஆய்வுக்கூடத்து எலும்புக்கூட்டைக்கூட எடைபோட்டு வைத்திருக்கிற மனிதர், தன்னை மட்டும் ஒருநாளும் எடை போட்டதில்லை. வயிற்றைக் குனிந்து பார்த்தார். தொண்ணூறுக்குக் குறையாது. மனைவியை விரட்ட இறுக்கிய ஸ்பிரிங், அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியிருந்தது.

வழி நெடுகப் பள்ளம். ஒரு பள்ளத்திலும் பல் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டரும் பட்டு மெத்தை. வாழ்நாளில் அவ்வளவு சொகுசாக அவர் எங்கேயும் போனதில்லை. அவ்வளவு நடுங்கிக்கொண்டும் போனதில்லை.

"ஏம்மா, வலியே போயிடுச்சு. சத்தியமா. திரும்பிடலாமே?"

"போயிடுச்சா? அப்போ அந்தப் பெரிய பள்ளத்துல வேகமா இறக்கிப் பாக்கட்டுமா?"

"வேண்டாம், வலிக்குது, வலிக்குது."

மச்சான் வாசலிலேயே நின்றிருந்தார், அந்த நீண்ட கையை விரித்துக்கொண்டு. "வாங்க மாப்பிள்ளை!" நம்மவரின் தோளில் விழுந்த கை, கிளினிக் நாற்காலி வரைக்கும் விலகவில்லை. சாய்ந்து உட்கார்ந்ததும் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. தட்டில் ஏதோ உலோகம் உலோகத்தோடு உரசியது. நம்மவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். உள்ளே ஓர் ஓட்டைப் பல்; அதைச் சுற்றி ஒரு கோட்டை. ஊசி ஏறும்போது ஏறட்டும். ஆனால் இந்த வாயைத் தானாகத் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை எடுத்த முடிவு முடிவுதான்.

மச்சான் காலால் மிதியை அழுத்தினார். நாற்காலி ஒவ்வொரு மிதிக்கும் ஒரு படி எழும்பியது.

டக். டக். டக்.

அந்தச் சத்தம் எங்கேயோ கேட்டது போல இருந்தது.

"உயரம் இவ்வளவு போதுமாம்மா?"

"இன்னும் ரெண்டு ஏத்துங்கண்ணா," என்றாள் மனைவி, அவர் கையைத் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "அவருக்கு அஞ்சாவது படிதான் சொகுசு. எனக்காகன்னு நேத்து மண்ணுல உருண்டு, தேடிக் கண்டுபிடிச்சது."

நம்மவருக்குச் சுருக்கென்றது. எதையாவது சொல்லித் தப்பிக்க வேண்டுமே! "அது வந்து, நான்..." என்று வாயைத் திறந்தார்.

"அப்படியே வச்சுக்குங்க மாப்பிள்ளை," என்றார் மச்சான். "சும்மா பாக்கறேன்."